திரும்பி வராத இடுப்புவலிக்காரர்கள்

பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் வேலை நாட்களைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நன்றாக முடிந்த காரியங்களைச் சொல்லலாம், நிறையவே உண்டு. ஆனால் எனக்கு இந்த வேலை பிடிபட்டது ஒரு தவறுக்குப் பிறகுதான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘குணம்’ என்ற சொல்லை எழுதக் கூடாத இடங்களில் எழுதினேன். அதனால் ஒருவருக்கு வேலை போக இருந்தது. இன்னொருவருக்குக் காலே போக இருந்தது.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். பம்பாயில் படிப்பை முடித்துவிட்டு பெங்களூர் திரும்பியிருந்தேன். மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா மராமத்து இலாகாவில் குமாஸ்தா. பெண் ஆஸ்பத்திரி வேலைக்குப் போவதில் வீட்டில் அரை மனசு. அதிலும் ஆண்களின் இடுப்பைத் தொட்டுச் செய்யும் வேலை என்று தெரிந்ததும் பெரியப்பா சில மாதங்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் கவலைப்படவில்லை. என் கைகள் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

எங்களுடையது தொழிலாளர் ஆஸ்பத்திரி. ஸ்ரீராம்புரம் பக்கத்திலிருந்து மில் ஆட்கள் வருவார்கள். மர்பி டவுனிலிருந்து முனிசிபாலிட்டி ஆட்களும் சித்தாள்களும் வருவார்கள். மூட்டை தூக்குகிறவர், தெரு பெருக்குகிறவர், கலவை சுமக்கிறவர் என்று பாதிப் பேருக்கு இடுப்புவலி. எங்கள் பிரிவில் சூடு கொடுக்கும் மின்சாரக் கருவி ஒன்று இருந்ததால் எனக்குக் ‘கரண்ட் அம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைவிடப் பெருமையாக நான் வைத்திருந்தது இழுவைக் கட்டிலை. நெஞ்சிலும் இடுப்பிலும் வார் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வழியாக எடை தொங்கவிட்டு முதுகை இழுக்கும் ஏற்பாடு. பம்பாயில் அதில்தான் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் பெரிய டாக்டர் அறுவை நிபுணர். முதுகை அறுப்பதில் கைதேர்ந்தவர். அப்படிப்பட்டவரே ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தான் அறுத்தவர்களில் சிலர் நிமிர்ந்து நடக்கிறார்கள், சிலர் முன்னைவிட மோசமாகிவிட்டார்கள் என்று சொன்னார். கத்தியை எடுப்பதற்கு முன் செய்கிற சிகிச்சைகளில் எது உண்மையாக உதவுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, நாமே பார்த்துவிடுவோம் என்றார். வருகிறவர்களை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பகுதியினருக்குப் பலகைக் கட்டிலில் முழு ஓய்வு. இன்னொரு பகுதியினருக்கு இழுவை. மூன்றாவது பகுதியினருக்குப் படுக்கை கிடையாது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து, முடிந்த வரை நடமாடச் சொல்லி அனுப்புவோம். யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டுதான் தீர்மானிக்கும். சீட்டில் உள்ளதை நான் மாற்றவே இல்லை. அந்த மட்டும் நான் நேர்மையானவள்.

பதிவேடு என் பொறுப்பு. ஆறு வாரம் கழித்து எல்லோரும் வந்து காட்ட வேண்டும். பலர் வரவில்லை. வராதவர்கள் பெயருக்கு நேரே ‘குணம்’ என்று எழுதினேன். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியதல்ல. வலி போய்விட்டவர் எதற்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். இழுவைக் கட்டிலில் படுத்தவர்களில்தான் வராதவர்கள் அதிகம். ஆகவே, இழுவைதான் பிரமாதமாகக் குணப்படுத்துகிறது என்று கணக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பெரிய டாக்டர் மதராஸில் டாக்டர்கள் கூட்டத்தில் படிப்பதற்காக அதைத் தட்டச்சுச் செய்து வைத்தார். நோயாளிகளில் பலர் ஒரே மில்லைச் சேர்ந்தவர்கள் என்பதால், மில் நிர்வாகம் கேட்டபோது சுருக்கம் ஒன்றை அவர்களுக்கும் அனுப்பினோம்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் முனுசாமி வந்தார். அந்த மில்லில் பஞ்சு மூட்டை இறக்குகிறவர். இழுவை முழுவதும் செய்துகொண்டு, சொன்ன தேதியில் தவறாமல் வந்து, வலி குறையவில்லை என்று சொன்ன மிகச் சிலரில் ஒருவர். பளு குறைந்த வேலை கொடுங்கள் என்று மில்லில் எழுதிக் கேட்டிருந்தார். பதிலுக்கு வந்த இங்கிலீஷ் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி அறிக்கையின்படி இந்தச் சிகிச்சை ஏறக்குறைய எல்லோரையும் குணப்படுத்துகிறது. நீ மட்டும் குணமாகவில்லை என்பது வேலைக்கு டிமிக்கி கொடுப்பதாகவே தெரிகிறது. உன்னை ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று அடுத்த வாரம் நடக்கும் விசாரணையில் வந்து சொல் என்று இருந்தது.

நான் தமிழில் சொல்லி முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே கேட்டார். உட்கார்ந்தால் வலி அதிகம் அவருக்கு.

“நான் பொய் சொல்றேன்னு உங்க புக்குல எழுதிக்கீதாம்மா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாது. அவர் போன பிறகு ஒரு நிமிடம் நானே அவரைச் சந்தேகித்தேன். இத்தனை பேருக்குக் கேட்ட சிகிச்சை இவருக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று எனக்குள் தோன்றியது. என் கணக்கு என்னையே அப்படி நினைக்க வைத்தது.

அந்த வாரம் புள்ளியியல்காரப் பெண் வரும் முறை. கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர், கன்னடக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். எங்கள் கணக்கைச் சரிபார்க்க பெரிய டாக்டர் அவரைக் கேட்டிருந்தார். கல்யாணமும் பிரசவமுமாக ஒரு வருடம் வராமல் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு யாராவது குரு உண்டென்றால் அது அவர்தான். பேசியது என்னவோ தமிழும் கன்னடமும் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில்தான்.

பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“இவங்க எல்லாம் குணம்னு உங்களுக்கு எப்படி கொத்து?”

கொத்து என்றால் தெரியும் என்று அர்த்தம். அவர்கள் திரும்பி வரவில்லையே என்றேன்.

“செத்துப் போயிருந்தாலும் வர மாட்டாங்களே” என்றார் அமைதியாக.

எனக்குக் கோபம் வந்தது. கணக்குப் போடுகிறவருக்கு நோயாளியைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் இன்னொன்று கேட்டார்: அவர்களில் ஒருவரையாவது பார்த்தீர்களா என்று. பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு முன்னால் என் படிப்பு, என் கை, என் இழுவைக் கட்டில் எதுவும் நிற்கவில்லை.

பெரிய டாக்டரிடம் இருவருமாகப் போனோம். அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டுரை தயாராகிவிட்டது, நிகழ்ச்சி நிரலில் பெயர் போட்டாகிவிட்டது, வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடுவது ஆஸ்பத்திரியின் வேலையல்ல என்றார். முனுசாமியின் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். படித்தார். விசாரணை வரைக்கும் உனக்கு டைம், அதற்குள் எத்தனை பேரைப் பார்க்க முடியுமோ பார் என்றார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையிலேயே கிளம்பினேன். முதலில் போனது மர்பி டவுன். தெரு பெருக்கும் எல்லம்மாள் என்ற பெண்மணியின் வீடு. இழுவைக்கு வந்து, நடுவில் நின்றுவிட்டவர். பதிவேட்டில் குணம். வாசலில் என்னைப் பார்த்ததும் பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சமாளிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துத்தான் உட்கார்ந்தார். பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“நீங்க அவ்ளோ பிரியமா கட்டி கட்டி இழுத்தீங்க. மறுநாளு எழுந்து நிக்கவே முடியல. அத்த உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது? அதான் வரல.”

என் மனசு நோகக் கூடாது என்று வலியோடு வீட்டிலேயே இருந்திருக்கிறார். நானோ அவர் பெயருக்கு நேரே என் வெற்றியை எழுதியிருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க இதே மாதிரிதான். ஒருவர் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் வலியோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். தையல்காரர் ஒருவர் உண்மையிலேயே குணமாகியிருந்தார்; வந்து சொல்லாததற்கு வெட்கப்பட்டார். இருவர் ஆற்காட்டுப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவர்களைப் பற்றி என்ன எழுதுவது என்று புள்ளியியல்காரரைக் கேட்டேன். ‘தெரியாது’ என்று எழுதுங்கள் என்றார். படித்து முடித்த பிறகு அந்தச் சொல்லை நான் எழுதியதே இல்லை. முதல் முறை எழுதும்போது கை கூசியது.

உடற்பயிற்சிப் பகுதியில் வராமல் போனவர்களையும் பார்த்தேன். அங்கே வேறு மாதிரி இருந்தது. குழாயடியில் குடத்தோடு நின்றார்கள், டூட்டியில் இருந்தார்கள். வலி இருக்கிறதா என்றால், இருக்கிறது, அதுபாட்டுக்கு இருக்கிறது, நாங்கள் வேலையைப் பார்க்கிறோம் என்று சிரித்தார்கள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு ஸ்ரீராம்புரத்தில் கோவிந்தன் வீட்டைத் தேடிப் போனேன். அவரும் அதே மில்தான், நூற்புப் பகுதி. இழுவை முடித்தவர், பதிவேட்டில் குணம். குறுகலான சந்தில் கடைசி வீடு. அவர் மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தி, மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, தும்மினபோது சுளுக்கிக்கொண்டது, ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு கால்களிலும் வலி இறங்குகிறது என்றார். சரி, இடுப்புவலிக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். வலது பாதம் அசையவில்லை. நேற்றைவிட இன்று வலி குறைந்தாற்போல இருக்கிறது என்று அவரே தெம்பாகச் சொன்னார். அந்தத் தெம்புதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. குறைந்தது வலியா, உணர்ச்சியா?

அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வயசுப் பெண் ஒருத்தி, வாசலில் நாலு பேர் எட்டிப் பார்க்கும்போது, ஒரு ஆணிடம் கேட்கிற கேள்வியல்ல. கேட்டேன்.

“ஒண்ணுக்குப் போனீங்களா?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் சொன்னார்: நேற்று மதியத்திலிருந்து போகவில்லையாம். உட்காருகிற இடம் மரத்துப்போயிருக்கிறதாம். சொல்ல வெட்கமாம்.

அதற்கு மேல் நான் எதையும் சோதிக்கவில்லை. முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு, இழுவை, பயிற்சி என்று நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்த எதற்கும் அங்கே இடமில்லை. உடனே அறுக்க வேண்டும். தாமதித்தால் அவர் இனி நடக்க மாட்டார், சிறுநீரும் வசத்தில் இருக்காது. கதவைக் கழற்றித் தரச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் தன் வீட்டுக் கதவைக் கழற்றினார். அதில் கோவிந்தனைப் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்தார்கள். அங்கே நின்ற லாரிக்காரரிடம் நான் கன்னடத்தில் இரண்டே வார்த்தைதான் பேசியிருப்பேன். சரக்கை இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டார்.

பெரிய டாக்டர் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டார். நான் கையோடு கொண்டுபோயிருந்த கோவிந்தனின் வைத்தியச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதிலும் என் கையெழுத்தில் ‘குணம்’. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறுவை அறைக்குப் போனார். அன்று மாலைக்குள் காரியம் முடிந்தது. அவர் எத்தனையோ பேரை அறுக்காமல் திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு மணி நேரத்தைக் கூட வீணாக்காததையும் பார்த்தேன். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே அறிவுதான். கத்தியில்லாத சிகிச்சையை நம்புகிறவர் யாராக இருந்தாலும், எப்போது அதை நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கோவிந்தன் நடந்தார். சில வாரங்களில் சிறுநீரும் வசத்துக்கு வந்தது. வலது பாதம் மட்டும் கடைசி வரை முழுதாகத் திரும்பவில்லை. நான் ஒரு வாரம் முன்பே போயிருந்தால் தும்முவதற்கு முன் அவரைப் பார்த்திருப்பேன். தடுத்திருக்க முடியுமா என்று தெரியாது. எதைக் கண்டால் ஓடிவர வேண்டும் என்றாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் பெரிய டாக்டர் மதராஸுக்குத் தந்தி அடித்துத் தன் பெயரை எடுத்துவிட்டார். மில்லுக்கு, முன்பு அனுப்பிய அறிக்கை தவறு என்று கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார்.

“எழுதினது நீ. நீயே போய்ச் சொல்லு. நான் கூட வந்தா, என் முகத்துக்காக ஒத்துக்கறாப்பல ஆயிடும்.”

விசாரணை மில் ஆபீஸில் நடந்தது. தொழிலாளர் நல அதிகாரி நடுவில். ஒரு பக்கம் மேனேஜர், இன்னொரு பக்கம் யூனியன்காரர். முனுசாமி சுவரோரமாக நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அதையே ஒரு முரட்டுத்தனமாக மேனேஜர் எடுத்துக்கொண்டது தெரிந்தது. நான் கடிதத்தைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். வராதவர்களைக் குணமானவர்களாக எழுதினேன்; தேடிப் போனபோது பலர் குணமாகவில்லை; ஆகவே அந்த அறிக்கையை வைத்து யாரையும் எதுவும் சொல்ல முடியாது என்றேன்.

அதிகாரி கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் இவருக்கு வலி இருப்பது நிச்சயம் என்று எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முனுசாமி தப்பித்துவிடுவார். யூனியன்காரர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சொல்ல ஆசையாகவும் இருந்தது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதியதால்தானே இந்த அறையில் நிற்கிறேன்? அதையே இன்னொரு முறை, நல்ல காரியத்துக்காகச் செய்வதா?

“வலிய அளக்க என்கிட்ட கருவி இல்ல, சார். இவரைப் படுக்க வச்சு காலை நேராத் தூக்கிப் பார்த்தேன், பாதி உயரம் கூட வரல. அதை எழுதித் தரேன். சொன்ன தேதிக்கெல்லாம் வந்தார், அதையும் எழுதித் தரேன். வராதவங்களைத்தான் நான் குணம்னு எழுதினேன். வந்து குறையலேன்னு சொன்னவர் இவர்.”

அதிகாரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மேனேஜரும் அதிகாரியும் உள்ளே போய்ப் பேசினார்கள். முனுசாமிக்கு வேலை போகவில்லை. மூட்டையிலிருந்து மாற்றி, துணி மடிக்கும் பகுதியில் போட்டார்கள். கூலி குறைந்தது. மேலும், அங்கே உட்கார்ந்தே வேலை செய்ய வேண்டும். அது அவருக்கு ஆகாது. நான் போய்ப் பேசி மேஜையை உயர்த்தி நின்றபடியே மடிக்க ஏற்பாடு செய்வதற்குள் இரண்டு மாதம் ஆகிவிட்டது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஓய்வு பெறும் வரை அந்த மேஜை முன்னால்தான் நின்றார்.

ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை வராதவர்களின் வீட்டுக்கு யாராவது போயே தீர வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதினோம். முடிவு எனக்கு உவப்பானதாக இல்லை. என் இழுவைக் கட்டில் மற்றதைவிட மேல் என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. பலகையில் நீண்ட நாள் படுத்தவர்கள்தான் மெதுவாகத் தேறினார்கள். பயிற்சி செய்து நடமாடியவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். நான் ஆசையாகக் கற்ற வித்தை ஓரமாகப் போனது. நாலு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடக் கூடிய பயிற்சி முன்னால் வந்தது. பெரிய டாக்டர் அதை மதராஸில் படித்தார். முதல் கட்டுரையில் பாதிகூட இருக்காது. ஆனால் அதில் ஒவ்வொரு வரியையும் யார் கேட்டாலும் நின்று பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது நீங்கள் செய்கிற சிகிச்சைகளிலும் சில பிற்காலத்தில் ஓரமாகப் போகும். பயப்படாதீர்கள். சிகிச்சை போனால் இன்னொன்று வரும். போகக் கூடாதது, அது உதவவில்லை என்று நோயாளி உங்களிடம் சொல்ல முடிகிற நிலைமை.

அந்த நிலைமை எங்களுக்கு ஒருநாளில் வரவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலை, பிரிவில் நல்ல கூட்டம். மர்பி டவுனிலிருந்து வந்த சித்தாள் அம்மா ஒருவர், வரிசையில் தன் முறை வந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

“ஒரு மாசமா நீங்க சொன்னாப்பலதான் செய்றேன். ஒண்ணும் ஆவல.”

என் பக்கத்தில் நின்ற, பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த தோழி சட்டென்று, சரியாகச் செய்தீர்களா என்று ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டு, சொன்னது நல்லதாயிற்று என்று சொல்லி, அவர் பார்க்கும்படியாகவே பதிவேட்டைத் திறந்து ‘குறையவில்லை’ என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்வதற்குள், அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர், தங்களுக்கும் குறையவில்லை என்றார்கள்.